கொம்பையா போட்ட கையெழுத்து

எண்ணெயில் நனைத்த காகிதத் துண்டை மூக்குக்கு நேராகக் கொண்டுபோக மாட்டார் கொம்பையா. நாடிக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடி, வாசனை தானாக ஏறி வரட்டும் என்று நிற்பார். வேலை நாளில் பச்சை வெங்காயம் தொட மாட்டார். தலைக்கும் எண்ணெய் கிடையாது. கோவில்பட்டிக்கு வெளியே, மல்லி விதையை ஆவியில் காய்ச்சி எண்ணெய் இறக்கும் அந்த ஆலையில், இருபது வருஷமாக அவர் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பீப்பாய் லாரி ஏறும். "மிசினு சொல்லுததுக்கு முன்ன நம்ம மூக்கு சொல்லிரும்லா" என்பார்.

எண்பத்தெட்டில் மழை ஏமாற்றியது. புதூர்ப் பக்கத்துக் கரிசலில் மல்லி முளைத்ததோடு கருகியது. ஆனாலும் பீப்பாய்கள் நிறைந்தன. ஒன்றை முகர்ந்தவர் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார். வாசனை இருந்தது, ஆள் இல்லாத வீடு மாதிரி இருந்தது. "மழை இல்லாத வருசத்துச் சரக்கு அப்படித்தான்வே இருக்கும். கையெழுத்தப் போடும்" என்றார் முதலாளி கிருஷ்ணராஜ். போட்டார்.

நான்கு மாதத்தில், வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பியது. கூடவே ஒரு வரைபடத் தாள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் கிருஷ்ணவேணி அதை அவர் முன்னால் விரித்தாள்.

"மல்லிக்கு வாசம் குடுக்கிற பொருள்ல ரெண்டு வகை உண்டு அண்ணாச்சி. வலது கை, இடது கை மாதிரி. செடி முக்காலே மூணு வீசம் ஒரு கையத்தான் உண்டாக்கும். பேக்டரியில செஞ்சா ரெண்டும் சரிபாதி. நம்ம மிசினுக்கு வித்தியாசம் தெரியாது. அவிய புதுசா ஒரு குழாய் வச்சிருக்காவ. அதுக்குள்ள ஆவியா ஓடும்போது ரெண்டும் தனித்தனியாப் பிரிஞ்சிருது. இந்தப் படத்துல கோடு பெரிய மலையும் பக்கத்துல சின்ன மேடுமா இருக்கணும். இங்கன ரெண்டு மலையால்லா நிக்கி."

பேக்டரிச் சரக்கைக் கலந்ததைக் கிருஷ்ணராஜ் ஒப்புக்கொள்ளவில்லை. "மோந்து பாத்தவன் அவன். எனக்கு என்ன தெரியும்?" என்று கையெழுத்தைக் காட்டினார்.

விசாரிக்க வந்த ஏற்றுமதி ஏஜெண்ட் பீர் முகம்மது, "ஒமக்குத் தெரியாமப் போச்சா?" என்று தணிந்த குரலில் கேட்டார். ஆமாம் என்றிருந்தால், மூக்குக்கு வயசாகிவிட்டது என்று விட்டிருப்பார்கள்.

"தெரியும் பாய். தெரிஞ்சுதான் போட்டேன்."

ஆலையை மூடிவிட்டார்கள். கொம்பையா இப்போது பஞ்சு ஆலையில் மூட்டை தைக்கிறார். இந்த வருஷம் மழை தப்பவில்லை. மல்லி நன்றாக விளைந்தது. வாங்கத்தான் ஆளில்லை. போன வாரம் புதூர் பஸ்ஸில், அவர் ஊர்க்காரி வெயிலம்மாள் பின் சீட்டிலிருந்து எட்டிக் கேட்டாள்: "வீட்டுல எட்டு மூட்டை மல்லி கெடக்கு அண்ணாச்சி. ஆலைய எப்பத் தொறப்பாவ?"

கொம்பையா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஆள் எறங்கணும்" என்றார் கண்டக்டரிடம். ஊருக்கு இன்னும் மூன்று மைல் இருந்தது. இறங்கி, கரிசல் காட்டுப் பாதையில் நடக்க ஆரம்பித்தார்.