விறகுப் பாதையின் வரைபடம்

அகத்தியர்கூடம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசந்துபோகும். மலையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதில் நான் ஏறினதுகூட இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் தம்பானூரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு வரைபட அலுவலகத்தில் எனக்கு வேலை. எஞ்சினியர்கள் பென்சிலில் கிறுக்கித் தருவதை டிரேசிங் தாளில் மசியால் சுத்தமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அங்கே ஒரே பெண் நான்தான். மழை விட்ட காலைகளில் மொட்டைமாடிக்குப் போனால் கிழக்கே அந்த மலை தெரியும். அதன் உச்சியில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பக்தி ஒன்றும் இல்லை, வெறும் ஆசை.

வருஷத்தில் மகரமாதத்தை, அதாவது நம் தையை, ஒட்டிச் சில வாரங்கள்தான் அந்தக் காட்டைத் திறப்பார்கள். அதற்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். யானை உண்டு என்பார் ஒருவர். உச்சியில் இருக்கும் அகத்திய முனிவர் பிரம்மசாரி, பெண் போனால் தீட்டு என்பார் இன்னொருவர். முனிவருக்குப் பெண்டாட்டி இருந்த கதை ஊருக்கெல்லாம் தெரியும், இவர்களுக்கு மட்டும் தெரியாது.

அலுவலகத்தில் நான்கு ஆண்களுக்கும் அதே ஆசை. அந்த வருஷம் அவர்களுக்கும் சீட்டுக் கிடைக்கவில்லை. அவர்களில் மார்த்தாண்டம் பக்கத்துக்காரரான, மலையாளம் கலந்து பேசும் எங்கள் சூப்பர்வைசர் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார்.

"மோளே, செக்போஸ்டத் தொடாம மேல போற ஒரு வழிய கண்டுபிடிச்சுத் தா. நாம அஞ்சு பேரும் ஒண்ணிச்சுப் போலாம்."

"நானுமா சார்?"

"பின்னே? வழி கண்டுபிடிச்ச ஆள விட்டுட்டா போவோம்?"

கரும்பு தின்னக் கூலியா என்று நான் உடனே தலையை ஆட்டினேன். அந்தப் பகுதிக்கு நல்ல வரைபடம் கடையில் கிடைக்காது. வழியை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் விதுரை பஸ் பிடித்து, அங்கிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு, மலையடிவாரத்தில் பாதி மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். சாயாக்கடையில் ஆண்களிடம் கேட்டேன். எல்லோரும் செக்போஸ்ட் இருக்கும் பெரிய பாதையையே கைகாட்டினார்கள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் வேலை இல்லையா என்று கேட்டார்.

மூன்றாவது ஞாயிறு, தலையில் விறகுக்கட்டோடு காட்டிலிருந்து இறங்கி வந்த நான்கைந்து பெண்களைப் பார்த்தேன். பெண்களே போகக்கூடாத காட்டிலிருந்து தினமும் பெண்கள் இறங்கி வருகிறார்கள்! அவர்களில் மூத்தவள் கடைசி லயத்துக்காரி. லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். நான் தமிழ் பேசியதும் கட்டை இறக்கி வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் படித்த பெண் எவளானாலும் அவளுக்கு டீச்சர்தான்.

"ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வழி?"

"ஒரு தடவ மேல ஏறிப் பாக்கணும் அக்கா."

அவள் சிரித்தாள். அடுத்த ஞாயிறு என்னைக் கூட்டிக்கொண்டே போனாள். தேயிலைச் செடி முடியும் இடத்தில் ஓடையைத் தாண்டி, ஈற்றை என்கிற மெல்லிய மூங்கில் காட்டுக்குள் நுழைந்து ஏறினால், செக்போஸ்டுக்கு வெகு மேலே பெரிய பாதையோடு போய்ச் சேர்ந்தது. தூரத்தை அவர்கள் மைலில் சொல்வதில்லை. கட்டை இறக்கி இளைப்பாறும் இடங்களை எண்ணிச் சொல்வார்கள். பலாமரத்தடி ஒன்று, வழுக்குப்பாறை இரண்டு, இப்படி ஐந்து. ஒவ்வொன்றிலும் தரை தேய்ந்து வழவழவென்று இருந்தது. திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க, பாருங்க. எழுதி மட்டும் வச்சுராதீங்க டீச்சர். இந்த வழி போச்சுன்னா எங்க அடுப்பு எரியாது."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் என் கை சும்மா இருக்கிற கையா? பார்த்ததைக் கோடாக்காவிட்டால் எனக்குப் பார்த்த மாதிரியே இருக்காது. இரண்டு நாள் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து வரைந்தேன். வடக்குக் குறி போட்டேன். ஐந்து இறக்குமிடங்களையும் வட்டமிட்டு நம்பர் கொடுத்தேன். வலது மூலையில் எங்கள் தொழில் வழக்கப்படி ஒரு கட்டம் உண்டு: வரைந்தவர், தேதி, தகவல் தந்தவர். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தாளை அச்சுக்கே அனுப்ப மாட்டோம். 'தகவல்: விறகுப் பெண்கள், கடைசி லயம்' என்று அழகான எழுத்தில் நிரப்பினேன். அவர்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. தூ!

சூப்பர்வைசர் அதை அம்மோனியா பிரிண்டில் நான்கு பிரதி எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை விடியற்காலை புறப்பாடு என்று முடிவாயிற்று. சாலைக் கடைவீதியில் கான்வாஸ் ஷூ வாங்கினேன். அட்டைப்பூச்சிக்குப் புகையிலை வாங்கினேன். சனிக்கிழமை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஐந்து மணிக்குப் போய் நின்றேன். எட்டு மணி வரைக்கும் நின்றேன். அவர்கள் முந்தின நாளே போய்விட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகம் வந்தார்கள். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

"மோளே, தெற்றா நெனக்காத. கூட ஒரு பெண்ணு இருந்து பிடிச்சா, எல்லாருக்கும் நாணக்கேடு. பின்னே, அது தெய்வம் இருக்கிற இடமும் இல்லியா."

தெய்வம் இருக்கும் இடத்தில் இவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மத்தியானச் சாப்பாட்டின்போது அவர்களே சொன்னார்கள். பிராந்தி குடித்தது, பாட்டிலைப் பாறையில் எறிந்து உடைத்தது, குளிர் தாங்காமல் உச்சியில் இருக்கும் முனிவர் சிலைக்குப் பின்னாலேயே ஒதுங்கியது, எல்லாம் சோற்றுக்கு நடுவில், கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு. ஒருவன் குழம்பு வழிந்த விரலால் என் பக்கம் ஃபோட்டோக்களைத் தள்ளினான். ஒன்றில் சூப்பர்வைசர் பனியனோடு உச்சியில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் போனால் தீட்டாகும் இடம். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"எறங்கும்போ ஃபாரஸ்ட் கார்டுமார் பிடிச்சாங்க," என்றார் அவர், மீனைப் பிய்த்துக்கொண்டே. "ஒண்ணும் செய்யல்ல. ரெண்டு சீத்த விளிச்சு ஏசிட்டு, மேப்ப வாங்கி வச்சுகிட்டு விட்டுட்டாங்க."

மேப். வலது மூலைக் கட்டம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. இவர்கள்மேல் இருந்த அருவருப்பு அந்த நிமிஷமே என் பக்கம் திரும்பிவிட்டது. வழி சொன்னது யார் என்பதை நான் மறைத்திருந்தாலாவது கார்டுகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும். நான் விலாசத்தையே எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். ஓடை தாண்டும் இடத்தில் புதுசாக முள்கம்பி கட்டியிருந்தார்கள். கடைசி லயத்தில் அவள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கார்டுகள் நேரே இந்த லயத்துக்கு வந்ததாகவும், ஏழு வெட்டுகத்திகளை எடுத்துக்கொண்டு போனதாகவும் சொன்னாள். இனிமேல் காட்டில் கண்டால் கேஸ் என்றார்களாம். அவளுடைய குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் எழுதினேன் அக்கா," என்றேன். "ஒங்க லயத்தையும் நான்தான் எழுதினேன்."

"தெரியும். படிச்சுக் காட்டுனாங்க." முறத்தைக் கீழே வைத்தாள். "போகட்டும், நீங்க ஏறுனீங்களா டீச்சர்? மேல எப்படி இருந்துச்சு?"

"நான் ஏறல்ல. என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அய்யோ பாவமே," என்றாள். உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டாள். காறித் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. போய்விட்டு வருகிறேன் அக்கா என்று எழுந்தேன்.

"வெயில்ல எங்க போறீங்க? உள்ள வந்து ஒக்காருங்க," என்றாள் அவள். பிறகு, வீட்டுக்கு வந்தவளை வெறும் வாயோடு அனுப்புகிற வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "தேத்தண்ணி போட்டுத் தரத்தான் வெறகில்ல."