ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை

பள்ளி மேலாண்மைக் குழுவில் தானும் ஓர் உறுப்பினர் என்பது பவளத்துக்கு இரண்டு வருஷமாகத் தெரியாது. தெரிந்த அன்று அவள் உத்திரமேரூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற சாலையில், விலக்கில் இறங்கி ஒரு கிலோமீட்டர் உள்ளே. காலை ஆறு பத்துக்கு செய்யாறு ஷூ கம்பெனி வேன் அந்த விலக்கில் வந்து நிற்கும். ஊரில் பாதித் தாய்மார்கள் அதில் ஏறிப் போய்விட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புகிறவர்கள். பவளமும் அப்படித்தான், ஒன்பது வருஷமாக. ஒட்டி வருகிற ஷூவைத் திருப்பிப் பார்த்து, பசை பிசிறடித்திருந்தால் தள்ளி வைப்பது அவள் வேலை. பத்தாவது வரைக்கும் படித்தவள். வேனில்கூட அதிகம் பேசமாட்டாள் என்று பக்கத்து சீட்டில் உட்காரும் ஷாஹிஸ்தா சொல்வாள். ஷாஹிஸ்தாவின் வீட்டுக்காரர் விலக்கில் மளிகைக்கடை வைத்திருக்கிறார்.

ஜூலையில் பவளத்தின் மகள் திலகாவுக்கு அடிவயிற்றில் வலி, குளிர்க்காய்ச்சல். ஏழாவது படிக்கிற பிள்ளை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பகல்ல தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று கேட்டார். திலகா தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம்தான் சொன்னாள், தண்ணி குடித்தால் போக வேண்டி வரும், பள்ளிக்கூடத்தில் போவதற்கு இடம் இல்லை என்று.

"புதுசா கட்டினாங்களே?"

"அது பூட்டிக் கீதும்மா. ஆபீசருங்க வந்தா மட்டும் வெளில பெருக்குவாங்க."

பழைய கழிப்பறைக்குக் கதவு இல்லை. உள்ளே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அறுபதுக்கு மேல் பொம்பளைப் பிள்ளைகள் ஏரிக்கரை வேலிகாத்தான் புதருக்குள் போய் வந்துகொண்டிருந்தார்கள். நால்வர் போனால் ஒருத்தி காவல் நிற்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். என் பையன் அங்கேதான் ஐந்தாவது படிக்கிறான், எனக்கும் தெரியும். பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை மிதிப்பேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியர் ஞானதாஸ் மோசமான மனுஷர் என்று சொல்ல முடியாது. நன்றாகக் கணக்குச் சொல்லித்தருவார். ஆனால் பயந்தவர். பவளம் கேட்டதும் தீர்மான நோட்டை எடுத்து விரித்தார்.

"என்னைக் கேக்காதம்மா. நீங்க எல்லாரும் சேர்ந்து போட்ட தீர்மானம்தான் இது. பாரு."

புதிய கழிப்பறை நல்ல நிலையில் உள்ளது, பராமரிக்க ஆள் அமர்த்தும் வரை பூட்டி வைப்பது என்று எழுதியிருந்தது. கீழே பதினாலு கையெழுத்து. ஒன்பதாவதாக 'வே. பவலம்' என்று இருந்தது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். தேதியைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கம்பெனியில் இருந்தாள்.

"சார், இது நான் போட்டது இல்ல. எம்பேருக்கு எந்த ள வரும்னு எனக்குத் தெரியும்."

"சத்தம் போடாதம்மா. குழுவுக்கு ஆள் வேணும்னு பேர் எழுதறது, வராதவங்களுக்குச் சேர்த்துப் போடறது, எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்."

"எம்பொண்ணு ஆஸ்பத்திரில கீறா சார். அவள முள்ளுக்காட்டுக்கு அனுப்புங்கன்னு நானே கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேனா?"

அவர் நோட்டை மூடப் போனார். அதற்குள் அவள் போனில் படம் எடுத்துவிட்டாள்.

குழுவுக்குத் தலைவர் சொக்கம்மாள். அரசாங்க விதிப்படி அங்கே படிக்கிற பிள்ளையின் தாய்தான் தலைவராக இருக்க வேண்டும். சொக்கம்மாளின் பையன் நாலாவது படிக்கிறான். அவள் சுகுமார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை செய்கிறவள். தலைவர் முத்திரைக் கட்டை சுகுமார் வீட்டு அலமாரியில் இருந்தது. சுகுமாருக்கு நாற்பது ஏக்கர் நிலம், இரண்டு அறுப்பு மிஷின், காண்டிராக்ட் வேலை. அந்தப் புதிய கழிப்பறையைக் கட்டியதும் அவர்தான். அவருடைய பிள்ளைகள் படிப்பது காஞ்சிபுரத்தில்.

ஆகஸ்டில் குழுவை மாற்றியமைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம், புதிய தலைவர் தேர்வு. பவளம் தான் நிற்கப்போவதாக வீட்டில் சொன்னாள். அவள் வீட்டுக்காரன் வேதகிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான். சுகுமாரின் அறுப்பு மிஷினை ஓட்டுகிறவன் அவன்.

"உனக்கு இன்னா பைத்தியமா? அவர எதுத்துக்கினு நான் எப்படி மிஷின் மேல குந்தறது?"

"நான் அவர எதுக்கல. பாத்ரூம் கதவத் தொறக்கச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப எதுக்கறேன்னே வெச்சுக்க."

அவன் பாதித் தட்டோடு எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுகுமாரின் ஆள் மறுநாள் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டோடு வீடு வீடாக வந்தான். "நாளைக்கு வேலை கெட வேணாம், இப்பவே போட்டுடுங்க" என்றான். நானும் போட்டேன். இந்தக் கதையில் நான் செய்த காரியங்களில் எழுதக் கை கூசுவது இதுதான்.

வேனில் வருகிறவர்களில் பதினேழு பேருக்கு எங்கள் பள்ளியில் பிள்ளைகள். சனிக்கிழமையும் கம்பெனி உண்டு. லீவு போட்டால் சூப்பர்வைசர் கத்துவான். வெள்ளிக்கிழமை வேனில் ஷாஹிஸ்தா சீட்டு சீட்டாகப் போய்ப் பேசினாள். "உன் கையெழுத்தும் அந்த நோட்ல கீதான்னு முதல்ல பாத்துக்க" என்று பவளத்தின் போனைக் காட்டினாள். ஆறு பேருடைய கையெழுத்து அதில் இருந்தது. ஒருத்தி, "எனக்குக் கைநாட்டுதான், இதுல நான் எழுதவே கத்துக்கினு கீறேன்" என்றாள். மறுநாள் காலை விலக்கில் வேன் காத்திருந்து ஹாரன் அடித்துவிட்டுப் பாதி காலியாகப் போனது.

கூட்டத்துக்குப் பெற்றோர் ஐம்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டது உறுத்தி நானும் போயிருந்தேன். வேன் பெண்கள் பதினோரு பேர். சுகுமார் எந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் இல்லை. ஆனாலும் மேசைக்குப் பின்னால் நடு நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். ஞானதாஸ் பேசினார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த சீமை இது, நமக்கு யாரும் ஜனநாயகம் சொல்லித்தர வேண்டியதில்லை என்றார். கைதட்டினோம். அதே மூச்சில், "போன தடவை இருந்த சொக்கம்மாளே தொடரணும்னு எல்லாரும் ஒருமனதா விரும்பறதால…" என்று நோட்டைத் திறந்தார்.

"நான் விரும்பல சார்."

பவளம் எழுந்து நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நானும் நிக்கறேன். ஓட்டு வையுங்க."

சுகுமார் சிரித்தார். "நம்ம வேதகிரி சம்சாரமா? உக்காரும்மா. ஓட்டு கீட்டுன்னு பேஜார் பண்ணாத. சரி, ஆசப்படற. கை தூக்கச் சொல்லிடலாம்."

"கை தூக்கறது வேணாண்ணா. நீங்க எதிர்ல குந்திக்கினு பாத்தா யாரு கை எழும்பும்? சீட்டு குடுங்க."

"சீட்டு ஓட்டுக்கெல்லாம் வழியில்லம்மா" என்றார் ஞானதாஸ்.

வட்டார அலுவலகத்திலிருந்து பார்வையாளராக ஜெனிஃபர் என்ற இளம் ஆசிரியை வந்திருந்தார். அதுவரை ஓரமாக உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். "வழி இருக்கு சார்" என்றார். "போட்டி வந்தா ரகசிய ஓட்டு வைக்கலாம். அப்புறம், பெற்றோர் இல்லாதவங்க தயவுசெஞ்சு வெளியே இருக்கணும்."

சுகுமார் ஜெனிஃபரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போல வெளியே போனார்.

நோட்டுத் தாளைக் கிழித்துச் சீட்டு போட்டார்கள். சொக்கம்மாளுக்குப் பெருக்கல் குறி, பவளத்துக்கு வட்டம். சத்துணவுக் கூடத்துக் குண்டான்தான் பெட்டி. மூன்றாம் வகுப்பு அறைக்குள் ஒவ்வொருவராகப் போய் எழுதிப் போட்டோம். என் முறை வந்தபோது பென்சில் முனை முறிந்தது. முறிந்த முனையை விரலால் அழுத்திப் பிடித்து வட்டம் போட்டேன்.

பவளம் முப்பத்தொன்று. சொக்கம்மாள் இருபத்தாறு. இரண்டு குறியும் போட்ட ஒன்று செல்லாது.

பவளம் வாழ்த்துக்கு நிற்கவில்லை. "சாவி குடுங்க சார்" என்றாள். ஞானதாஸ் இழுப்பறையைத் திறக்கவே இல்லை. "திங்கக்கிழமை பாத்துக்கலாமேம்மா" என்றார். "இப்பவே பாக்கலாம்" என்றார் ஜெனிஃபர்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தார்கள். உள்ளே டைல்ஸ், நாலு பீங்கான், எல்லாம் பளபளவென்று இருந்தன. சுவரில் யானை பொம்மைகூட வரைந்திருந்தது. இவ்வளவு நல்ல இடத்தையா பூட்டி வைத்தார்கள் என்று ஒருத்தி கேட்டாள். பவளம் அடிபம்பிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து முதல் பீங்கானில் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் சுவருக்குப் பின்பக்கம் நின்றிருந்த ஷாஹிஸ்தா கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க. இங்க ஊத்துது."

பின்சுவரிலிருந்து ஒரு சாண் பைப் நீட்டிக்கொண்டிருந்தது. ஊற்றிய தண்ணீர் அதன் வழியாகத் தரையில் விழுந்து, எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் ஓடியது. பைப்புக்குக் கீழே தொட்டி இல்லை, குழி இல்லை, குழி வெட்டிய அடையாளம்கூட இல்லை. குழியில்லாத ஒரு கழிப்பறைக்கு, நல்ல நிலையில் உள்ளது என்று அதிகாரி எழுதி, தலைமையாசிரியர் எழுதி, எங்கள் ஊர்ப் பதினாலு பேர் கையெழுத்தும் விழுந்திருக்கிறது. அதற்காகத்தான் பூட்டு. அதற்காகத்தான் சொக்கம்மாள், அலமாரியில் முத்திரை, ஒருமனது எல்லாம். பிள்ளைகள் முள்ளில் கால் கிழித்துக்கொண்டு போய் வந்தது இந்த ஒரு சாண் பைப்பை மறைப்பதற்காக.

அங்கேயே சொக்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்குத் தெரியாது பவளம். போடுன்னாங்க, போட்டேன்."

"தெரியும். உன்ன யாரும் கேக்கல" என்றாள் பவளம்.

திங்கட்கிழமை காலை மிஷினை எடுக்கப் போன வேதகிரியிடம் சாவி தரவில்லை. வேறு ஆள் பார்த்தாச்சு என்று சுகுமார் வீட்டு வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அவன் வீட்டுக்கு வந்து நான் சொன்னேனா இல்லையா என்று கத்துவான் என்று பவளம் எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போய்ப் பைப்பைப் பார்த்துவிட்டு வந்தான். "நாலு பீங்கானுக்கு ஒரு குழி வெட்ட ஜேசிபிக்கு எத்தினி நேரம் ஆவும் தெரியுமா? அரை நாளு" என்றான். இப்போது புள்ளலூர்ப் பக்கம் வேறொருவர் மிஷினை ஓட்டப் போகிறான். போய்வரவே இரண்டு மணி நேரம்.

பவளம் போட்டோக்களை வைத்து மனு கொடுத்தாள். ஒன்றரை மாசத்தில் ஒன்றியத்திலிருந்து ஆள் வந்து தொட்டி கட்டித் தந்தார்கள். பழைய கழிப்பறைக்கும் கதவு வந்தது. ஞானதாஸை வேறு ஊருக்கு மாற்றினார்கள். திலகா இப்போது பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோய் காலியாகத் திருப்பிக் கொண்டுவருகிறாள்.

சுகுமாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏரிக்கரையில் போடப்போகிற புதிய சாலையும் அவருக்குத்தான் என்று பேச்சு.

விசாரணைக்கு வந்த அதிகாரி கழிப்பறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அதான் சரியாயிடுச்சேம்மா, இன்னும் என்ன?" என்று கேட்டார்.

"கட்டாமயே கட்டினேன்னு சொன்னது யாரு, அத வந்து பாத்தேன்னு எழுதினது யாரு, அந்தப் பேருங்க வேணும் சார்."

"அதெல்லாம் பழைய கதை."

"ஏரிக்கரைல நின்னுக்கினு இருந்த பசங்களக் கேளுங்க சார், பழைய கதையான்னு."

மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எழுதியதாகத் தெரியவில்லை. பவளம் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மூன்று முறை போய்விட்டாள். மூன்றுக்கும் ரசீது கொடுத்தார்கள். மூன்றுக்கும் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் கம்பெனியில் ஒரு நாள் சம்பளம் போகிறது. விட்டுத்தொலையேன் என்று ஊரில் பலரும் சொல்கிறார்கள்.

வருகிற திங்கட்கிழமையும் போகிறாள். இந்த முறை வேதகிரியும் மிஷினுக்கு லீவு சொல்லியிருக்கிறான்.