கேட்டில் ஒட்டிய அறிவிப்பு

“உங்க வூட்ல யாருமா படிச்சாங்க? உனுக்கு இன்னாத்துக்கு பன்னெண்டாவது?” என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டதுண்டு.

பன்றிக் காய்ச்சலுக்காகப் பள்ளியை மூடியபோது, மறு அறிவிப்பு வரும்வரை விடுமுறை என்றார்கள். அப்பா டீக்கடையிலிருந்து கொண்டுவரும் பேப்பரில் அந்த அறிவிப்பைத் தினமும் தேடினேன். கருங்குழியில் எங்கள் தெருவில் படிப்பவள் நான் ஒருத்திதான். படிப்பு எதற்கு என்று கேட்டவர்களிடமே போய் விசாரிக்கக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. பெற்றோர் வயலுக்குப் போனதும், வெறும் வீட்டில் எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் மனசு கேட்காமல் சைக்கிளில் போனேன். அறிவிப்பு பள்ளி கேட்டில் ஒட்டியிருந்தது. திறந்து மூன்று நாளாகியிருந்தது!

“எங்கடி போன? பரீட்சை எழுதுறவங்க லிஸ்ட் மதியம் போவுது. உன் பேர அதுலருந்து எடுக்க இருந்தேன்!” என்றார் டீச்சர். என் பெயருக்கு எதிரே கையெழுத்திட்டேன்.

இப்போதெல்லாம் நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன். நேற்று செங்கல்பட்டில் கல்லூரி விண்ணப்பத்தையும் அப்படித்தான் வாங்கிவந்தேன்.