கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள்

பட்டினி கிடக்கையில் உடம்பின் கொழுப்பை எரித்து உயிர்காக்கும் நொதியம் ஒன்று உயிரணுக்களின் இழைமணிக்குள் உண்டு. அதன் ஒரு பகுதி அளவுமீறி நெகிழ்ந்தால் வேலை கெட்டுவிடும். பல்கலைக்கழகத்தில் அந்த நெகிழ்வைத்தான் நான் ஆராய்கிறேன்.

கந்தசஷ்டி ஐந்தாம் நாள் சாவகச்சேரியிலிருந்து தங்கை அழைத்தாள். அவள் மகளுக்கு அது முதல் விரதம்.

“அண்ணை, பிள்ளை எழும்பேலாமல் கிடக்கிறாள். குடிச்ச தண்ணியையும் சத்தி எடுக்கிறாள். பால் குடுக்கட்டோ?”

“விரதமெண்டால் சோர்வு வரும்தானே. நாளையிண்டைக்கு விரதம் முடிச்சுப் பாறணைதானே, அதுமட்டும் பொறுக்கச் சொல்லு.”

என் படிப்பை நம்பி அவள் பால் கொடுக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்துபோனாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பிள்ளைக்குப் பிறவியிலேயே பழுதாயிருந்தது அதே நொதியம்.

“உந்த நோய்வருத்தம் உங்களுக்குத் தெரியாதோ, அண்ணை?” என்று தங்கை கேட்டாள்.

தெரியாது என்றேன். அதையும் அவள் நம்பினாள்.