கர்த்தர் கேட்காத கிளவுஸ்

அம்மா எனக்குக் கடைசியாக எடுத்த போன் கோலை நான்தான் கட் பண்ணினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சித்திரைப் புதுவருடத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. நான் படிக்கிற கெம்பஸ் மைதானத்தில் நின்றேன். அடுத்த மாதம் எங்களுக்குப் பேஸ்போல் இறுதிப் போட்டி. "பிராக்டிஸ்ல நிக்கிறன் அம்மா, பிறகு கதைப்பம்" என்று ஒரு மெசேஜைப் போட்டுவிட்டு போனைப் பைக்குள் எறிந்தேன். அதன்பிறகு ஐம்பத்து மூன்று நாட்கள் அம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

என் விசுவாசக் குடும்பமே, போன மாதம் எங்கள் கொட்டாஞ்சேனைச் சபையில் பெரியம்மா எழும்பி இதைச் சாட்சியாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினீர்கள். அம்மா திரும்பி வந்தது உண்மை. கர்த்தர் செய்தார் என்பதும் உண்மை. பெரியம்மா சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். கோபிப்பார். கோபிக்கட்டும்.

அம்மா ஆறு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அப்பா எங்களை விட்டுப் போய்க் கனகாலம். நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். அவர் சாப்பாடு தந்தார், படிப்பித்தார், இரண்டையும் தினமும் ஞாபகப்படுத்தினார். கெம்பஸில் பெண்கள் பேஸ்போல் அணிக்கு ஆள் காணாது என்று கூப்பிட்டபோது, மீன் வைத்த மாலுபணிசும் தேத்தண்ணியும் கிடைக்கும் என்றுதான் போனேன். என்னைக் கெச்சராகப் போட்டார்கள். பந்தை அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்தியிருந்து, எறிகிற பந்தைப் பிடிக்கிற வேலை. அணியில் மற்ற எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த விளையாட்டில் எனக்குப் பைத்தியமே பிடித்தது.

கெச்சருக்கென்று தடித்த கிளவுஸ் ஒன்று வேண்டும். அதைச் சொன்னதும் அம்மா லீவு நாளில் பழைய சாமான் சந்தையெல்லாம் அலைந்து ஒன்று பிடித்தார். பால்மா, சவர்க்காரத்தோடு பெட்டியில் போட்டு அனுப்பினார். அனுப்ப முதல் அதைக் கையில் மாட்டிக்கொண்டு, வேலை செய்யும் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நின்று ஒரு படமும் எடுத்து அனுப்பினார். சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு. நான் அதை எங்கள் அணியின் வட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பெருமையடித்தேன்.

அம்மாவின் சத்தம் நின்று இரண்டு கிழமையானதும், அவரை அனுப்பிய ஏஜென்சிக்குப் போனோம். அங்கே இருந்தவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, தங்கச்சி முறை வைத்துச் சொன்னார்: "நங்கி, உங்கட அம்மா யாரோடயோ ஓடிட்டா. வீட்டுக்காரர் கம்ப்ளெய்ன் போட்டிருக்கினம்." வீட்டு விலாசத்தைக் கேட்டேன். ஓடினவர்களின் விலாசம் எதற்கு என்று சிரித்தார். எங்களிடம் இருந்த கடுதாசியிலும் ஏரியாப் பெயர் மட்டும்தான் இருந்தது. கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கியதும் பெரியம்மா சொன்னார்.

"உன்ர பந்துதான் அவளைத் திண்டது."

வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்தில் என்னை நடுவில் முழங்காலில் நிறுத்தினார்கள். கர்த்தரைவிட எதை நேசிக்கிறாய், அதைக் கீழே வை என்றார்கள். எனக்கு மறுமொழி தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் கிளவுஸை வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினார். தீக்குச்சியை உரசினது நான். இதை மறைக்க மாட்டேன். தடித்த தோல் லேசில் எரியாது. இரண்டாம் தரமும் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரி ஏசினார். பெரியம்மா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நின்றார்.

அணியை விட்டு விலகினேன். குரூப்பிலிருந்து வெளியேறினேன். போனிலிருந்த பேஸ்போல் படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். கிளவுஸோடு அம்மா நிற்கும் படமும் அதில் போனது. கெச்சர் இல்லாமல் ஆடி எங்கள் அணி இறுதிப் போட்டியில் தோற்றது. பிறகு கர்த்தரிடம் போய், கடைக்காரனிடம் நிற்கிற மாதிரி நின்றேன். "நான் குடுத்திட்டன். இப்ப நீங்கள் குடுங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழமை. இரண்டு கிழமை. உன் பொருத்தனை அரைமனதாக இருந்திருக்கும் என்றார்கள் சபை அக்காமார். நான் சாப்பாட்டை விட்டேன், கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஒருநாள் வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு எடுக்கப் போகும்போது, பஸ்ஸுக்குள் நின்றபடியே பேரம் பேசுவதை விட்டேன். "ஆண்டவரே, என்னட்டக் குடுக்க இனி ஒண்டும் இல்ல. நான் கெட்டவள் எண்டாலும் அம்மாவைக் காட்டுங்கோ" என்று அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகி நின்றார்கள்.

பஸ் நிற்கும் ஹோல்டில் இறங்கினால் எதிரே தில்ஹானி. தெமட்டகொடைப் பிள்ளை, எங்கள் அணியில் பந்து எறிகிறவள். என்னைக் கண்டதும் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். தோற்ற கோபம். நான் றோட்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பிஸ்ஸுத, பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள். "ஏன் எனக்குச் சொல்ல இல்ல? எங்க அம்மாவும் குவைத்தான!"

அவளுடைய அம்மா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அதுகூடத் தெரியாமல் இரண்டு வருடம் அவள் எறிந்த பந்தைப் பிடித்திருக்கிறேன். தில்ஹானி குரூப்பைத் திறந்து மேலே மேலே தள்ளினாள். நான் அழித்த படம் அங்கே அழியாமல் கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால், நீலக் கேட்டில், தெரு இலக்கமும் வீட்டு இலக்கமும். நான் நூறு தடவை பார்த்த படம். ஒருநாளும் கிளவுஸைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளி தில்ஹானியின் அம்மா தன் லீவு நாளில் அந்தக் கேட்டைத் தேடிப் போனார். மேல் ஜன்னலில், படத்தில் கண்ட என் அம்மாவின் முகம். நேரே தூதரகத்துக்குப் போய் நின்று, அவர்கள் ஆள் அனுப்பும்வரை அந்தத் தாய் அசையவில்லை. ஐம்பத்து மூன்றாம் நாள் தூதரகத்திலிருந்து அம்மா கோல் எடுத்தார். நான் முதல் மணியிலேயே எடுத்தேன்.

இனிச் சொல்லப்போவதற்குக் கைதட்டாதீர்கள். நான் கோலைக் கட் பண்ணின அந்த வெள்ளிக்கிழமை வீட்டு எஜமானி அம்மாவின் வலது கையைக் கதவுக்குள் வைத்து நசித்தாள். அம்மா இடது கையால் எனக்கு மூன்று தடவை கோல் எடுத்தது அதன்பிறகுதான். நான்காவது தடவைக்கு முதல் போனைப் பறித்து, மேல் அறைக்குள் பூட்டிவிட்டார்கள். மருந்து இல்லை. எலும்பு தன்பாட்டுக்குக் கோணலாகப் பொருந்திவிட்டது.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வரும் வான் வண்டியில் அம்மா கேட்டார்: "கிளவுஸ் எங்க பிள்ளை? கொண்டு வருவாய் எண்டு நினைச்சன்."

பெரியம்மா முந்திக்கொண்டு சொன்னார்: "அதைக் கர்த்தருக்குக் குடுத்திட்டம்."

அம்மா பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "அவர் கேட்டவரோ, அக்கா?"



கர்த்தர் அதைக் கேட்கவில்லை. நாங்கள்தான் அவருக்குப் பசி என்று நினைத்தோம். நான் எரித்ததைக் கொண்டே அவர் அம்மாவைக் கண்டுபிடித்தார். அதற்காக அவரை ஒவ்வொரு நாளும் ஸ்தோத்திரிக்கிறேன். அந்தக் கைக்காக அவரோடு ஒவ்வொரு நாளும் சண்டையும் பிடிக்கிறேன். இரண்டையும் தாங்குகிறார். பெரியம்மாவோடு இன்னும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறேன், மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். திரும்ப அணிக்குப் போய்விட்டேன், அணியின் பழைய கிளவுஸோடு. அம்மா வலைக்குப் பின்னால் இருந்து பார்ப்பார். ஒரு விதியும் விளங்காது, ஆனாலும் நடுவருக்கு ஏசுவார்.

உங்களில் யாராவது இன்று பதில் இல்லாமல் முழங்காலில் நின்றால், அவரை நம்புங்கள், வெறுங்கையோடு கேளுங்கள். அவர் கேட்காத எதையும் எரிக்காதீர்கள். உங்கள் கவலையைப் பக்கத்தில் நிற்பவளிடமும் சொல்லுங்கள்.

அம்மாவின் உள்ளங்கைகள் இப்போது ஒன்றோடொன்று சேராது. ஜெபம் தொடங்கும்போது வலது கையை என் கைக்குள் வைத்துவிடுவார். நான் ஆமென் வரைக்கும் பிடித்திருப்பேன். பிடிப்பது என் வேலை. அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் தவறவிட்டேன்.