பன்னிரண்டு பட்டினியும் ஒரு கோழிக்காலும்

சர் ஆம்ப்ரோஸ் கல்பின் சட்டம் படித்தது வயிற்றால். லண்டனில் வக்கீலாக வேண்டுமென்றால் சட்டக்கூடத்துப் பந்தியில் ஏழு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். மற்றவர்கள் நடுநடுவே புத்தகத்தையும் புரட்டினார்கள். இவருக்குப் பந்தியை விட்டு அப்படியெல்லாம் கவனம் சிதறியதில்லை.

எங்கள் கிரேவிக் ஊருக்கு நீதிபதியாக வந்ததும் பார்லிமென்ட் ஆசையும் வந்தது. ஊரில் ஓட்டுரிமை உள்ளவர்கள் இருபத்துமூன்றே பேர். தேர்தலுக்குத் தேர்தல் சந்தைத் திடலில் ஒரு முழு மாட்டைச் சுடச் சொல்வார். தின்றவர்கள் அவருக்குக் கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள். பதினோரு வருஷத்தில் சபையில் ஒரே தடவை வாய் திறந்தார். சாப்பாட்டுக்கு எப்போது கலைவோம் என்று கேட்டார். கேள்விக்குப் பலத்த ஆதரவு இருந்ததாகத் தகவல்.

நான்காவது தேர்தலன்று காலையில் ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கு. ஓட்டு மூன்று மணிக்குத்தான். அதற்குள் ஒருவனைத் தூக்குக்கு அனுப்பினால் பேரும் கிடைக்குமே என்று வழக்கை எடுத்தார். கூண்டில் நின்றவன் கூலிக்காரன் ஜேக்கப் பெண்டர். அவன் திருடினானா? அந்த ஆட்டுக்குத்தான் வெளிச்சம்.

பன்னிரண்டு ஜூரிகளை அறையில் விட்டுப் பூட்டினார்கள். எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்லும்வரை ரொட்டி கிடையாது, தண்ணீர் கிடையாது, குளிருக்கு நெருப்பும் கிடையாது. சட்டம் அப்படி. அந்தப் பன்னிரண்டில் ஒன்பது பேர் கல்பினுக்குக் கை தூக்க வேண்டியவர்கள்.

நண்பகலில் மாடு வேகும் வாசனை ஜன்னல் வழியே வந்தது. பதினோரு பேர், தொங்கவிட்டுப் பந்திக்குப் போவோம் என்ற கட்சி. செருப்புத் தைக்கும் ஒபதையா ஸ்ட்ரவுட் மட்டும் அசையவில்லை. சாட்சி சொன்னவனுக்குப் பத்தடி தூரத்தில் சொந்தப் பெண்டாட்டியையே அடையாளம் தெரியாது என்பது அவர் கட்சி.

மணி இரண்டு. ஒன்பது ஓட்டும் பூட்டுக்குள்ளே. தேர்தலில் எதிர்த்து நிற்கும் டிரான்டரின் ஆட்களெல்லாம் திடலிலே. சாப்பிட்டுக்கொண்டிருந்த கல்பின் பதறி எழுந்து ஓடினார். ஜூரியிடம் நீதிபதி பேசக் கூடாதுதான். கதவிடம் பேசத் தடையில்லையே.

"ஸ்ட்ரவுட், ஒரு ஆட்டுக்காக ஏன்யா இத்தனை பேரைப் பட்டினி போடுற?"

"நான் எங்கய்யா போட்டேன்? பூட்டினது நீங்க."

"குற்றவாளின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வெளிய வாய்யா."

"நிரபராதின்னு சொன்னாலும் இதே கதவுதானே ஐயா திறக்கும்?"

ஏழு வருஷப் பந்தியில் யாரும் பரிமாறாத சட்டம் இது. கல்பின் யோசித்தார்.

"மத்தவங்க கேட்டீங்களாப்பா? நிரபராதின்னாலும் எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

உள்ளே சலசலப்பு. சாவித்துவாரத்தில் ஒரு கண் வந்து நின்றது. ரொட்டிக்கடைக்காரரின் கண்.

"ஐயா, கையில என்ன அது?"

கல்பின் குனிந்து பார்த்தார். அவசரத்தில் கையோடு வந்திருந்தது, பாதி கடித்த கோழிக்கால்.

"இதுவா... சும்மா."

"வாசனை வருது ஐயா."

சாவித்துவாரத்திலிருந்து கண் விலகியது. கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது: நிரபராதி, ஏகமனதாக. பன்னிரண்டு பேரும் நேரே திடலுக்குப் போனார்கள். பெண்டருக்கும் ஒரு விலா எலும்பைக் கொடுத்து, கல்பினின் மாட்டை எலும்பு தெரியத் தின்று தீர்த்தார்கள். மூன்று மணிக்கு ஒன்பது கையும் டிரான்டருக்கு உயர்ந்தன. சாப்பாடு போட்டவருக்குக் கை தூக்குவது எங்கள் ஊர் வழக்கம். பார்க்க வைத்துத் தின்றவருக்கு அல்ல.

பார்லிமென்ட் பதவி கல்பினுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. நீதிபதி வேலை மட்டும் சாகும்வரை இருந்தது. ஜூரி உள்ளே போனால் இவரும் ஒரு வாய் தொடுவதில்லை. அதனால் கிரேவிக்கில் எந்த வழக்கும் பகல் பன்னிரண்டைத் தாண்டியதில்லை. பதினொன்றரைக்கெல்லாம் கதவடியில் வந்து நிற்பார். எந்தத் தீர்ப்பு சீக்கிரம் வருமோ அதைச் சொல்லுங்கள் என்பார். சொல்வதற்கு முன் சாவித்துவாரத்தின் எதிரே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிடுவார்.