மூணாம் நம்பர் நிப்பிள்

போன வாரம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பொய் சொன்னேன். என் நாலு மாச மகளுக்காக. இல்லை... உங்களிடம் என்ன ஒளிவுமறைவு, எனக்காகத்தான்!

மனைவி உமா வெள்ளிமலைப் பள்ளியில் டீச்சர். லீவு முடிந்து, மறுபடி மலை பஸ் ஏற ஆரம்பித்துவிட்டாள். கள்ளக்குறிச்சி வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பிழைப்பவன் நான். ஆகவே, பகலில் பால் பாட்டில் என் இலாகா.

பாப்பா ஒண்ணாம் நம்பர் நிப்பிளில் நிதானமாகக் குடிப்பாள். (நம்பர் ஏற ஏற ஓட்டை பெரிசு, பால் வேகம்.) நடுநடுவே ஃபேனை வேடிக்கை பார்ப்பாள். இருபது நிமிஷம் ஆகும். என்ன இப்போது? ஒரு குறையும் இல்லை — எதிர்வீட்டு செல்வி வரும்வரை.

"இன்னாண்ணா, இன்னும் ஒண்ணாம் நம்பரா? எங்க பையன் மூணாம் நம்பர்லயே குடிச்சிக்கினு இருக்கான். அஞ்சே நிமிசம்!"

அவனுக்கும் நாலு மாசம்தான். என் மகள் இரண்டு கிளாஸ் பின்தங்கிவிட்ட மாதிரி எனக்கு வியர்த்துவிட்டது.

மெடிக்கல் ஷாப்பில் மூணாம் நம்பர் கேட்டதும், அது ஆறு மாசத்துக்கு மேல்தான் என்ற கடைக்கார அம்மா விசாரித்தார்: "கொழந்தைக்கு எத்தினி மாசங்க?"

"எட்டு" என்றேன். கூசாமல்.

வீட்டுக்கு வந்து பாட்டிலில் மாட்டிக் கொடுத்தேன். பாப்பா குடித்தது நாலே மடக்கு. கடைவாயில் பால் வழிய, ஒரே இருமல். முகம் செக்கச்செவேல் என்றாகிவிட்டது. கண்ணை விரித்து என்னையே பார்த்தாள் பாருங்கள்... பாட்டிலை உருவி, நிமிர்த்தித் தோளில் போட்டேன். சில விநாடிகளில் வீல் என்று அழுதாள். அழுகை அவ்வளவு இனிமையாக எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை. அவள் சமாதானமாகித் தூங்கியும் போனாள். 

சாயங்காலம் வந்த உமா, பால் வழிந்து நான் அலசிக் கொடியில் போட்ட குட்டிச் சட்டையைப் பார்த்தாள். பிறகு, நிப்பிளை.

"இன்னாங்க இது?"

எல்லாம் சொன்னேன். எட்டு மாசம் உட்பட. கத்துவாள் என்று நினைத்தேன். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"சாஞ்சிக்கினு குடிங்க."

குடித்தேன். புரையேறி மூக்கு வழியாக வந்தது. மூணாம் நம்பரில் நான் ஃபெயில்!

"உங்களுக்கே இப்பிடின்னா, அதுக்கு எப்பிடி இருந்திருக்கும்?" — அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. 

இருமினால், வழிந்தால், வேகம் ஜாஸ்தி. உறிஞ்சி உறிஞ்சிக் களைத்து அழுதால், கம்மி. இதைத் தெரிந்துகொள்ள குழந்தை முகத்தைப் பார்த்தால் போதும். நாம்தான் எதிர்வீட்டைப் பார்த்துக் குழந்தை வளர்க்கிறோமே!

அன்றைக்கே ஒண்ணாம் நம்பருக்குத் திரும்பிவிட்டோம். நானும் திருந்திவிட்டேன். செல்வி மகன் நேற்று குப்புற விழுந்துவிட்டானாம். நான் கண்டுகொள்ளவே இல்லை.

எத்தனையாவது நாளில் என்று மட்டும் கேட்டுவைத்தேன்.